ஆறு நாள் கொழும்பு விடுமுறையில் தெருப் புகைப்படக்கலையைக் கற்க முடியுமா?

ஒரு வார விடுமுறையில் கொழும்புக்குச் சென்று தெருப் புகைப்படக்கலையைக் கற்றுக்கொள்ள முடியுமா, அதற்காக அங்கே பணம் கட்டி ஒருவரிடம் சேர வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சென்ற மார்ச் மாதம் திருச்சியிலிருந்து புறப்பட்டு, வெள்ளவத்தையில் பெரியம்மா மகள் வீட்டில் தங்கி, ஆறு நாள்களை இந்த ஒரே காரியத்துக்காகச் செலவழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: முடியும். ஆனால் எதற்கு என்று நினைத்துப் பணம் கட்டினேனோ அதற்கு அது பயன்படவில்லை, வேறொன்றுக்குப் பயன்பட்டது.

முதல் இரண்டு நாள்களை வீணாக்கினேன். கொழும்பின் சந்தைப் பகுதியான புறக்கோட்டையில், இரண்டாம் குறுக்குத் தெருவில் 1908-இல் கட்டத் தொடங்கப்பட்ட, சிவப்பும் வெள்ளையுமாக வரியோடிய ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசல், செட்டியார் தெருவின் நகைக்கடைகள், கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயம், மாலையில் காலிமுகத்திடல் என்று சுற்றுலாப் பயணியின் வரிசையிலேயே நடந்து, எதிர்ச்சாரியில் நின்றபடி நீண்ட ஜூம் லென்ஸால் அறுநூறுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்துத் தள்ளினேன். நான் பணம் கட்டிச் சேர்ந்த ஆசிரியர் கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். திருமணப் படங்கள் எடுப்பது அவர் பிழைப்பு. இரண்டாம் நாள் மாலை அவர் மடிக்கணினியில் அவற்றை வேகமாக நகர்த்திக்கொண்டே போனார். விரல் எங்கும் நிற்கவில்லை. “பள்ளிவாசல் நல்லாத்தான் இருக்கு. நூறு வருஷமா நல்லாத்தான் இருக்கு. இதில நீங்கள் செய்தது என்ன?” என்று கேட்டார்.

மூன்றாம் நாள் மெதின் போயா, அதாவது மார்ச் மாதப் பௌர்ணமி. பௌர்ணமிதோறும் இலங்கையில் பொது விடுமுறை என்பதை நாள்காட்டியில் பார்க்காமல் சென்றது என் பிழை. புறக்கோட்டையில் பெரும்பாலான கடைகள் அடைத்துக் கிடந்தன. நீங்கள் பயணச்சீட்டு எடுக்கும் முன் இதை மட்டுமாவது பார்த்துவிடுங்கள்.

நான்காம் நாள் காலையில் ஆசிரியர் என்னை நான்காம் குறுக்குத் தெருவில், மிளகாய், வெங்காய மொத்தக் கடைகளுக்கு நடுவே ஒரு முனையில் நிறுத்தி, இனி ஊருக்குத் திரும்பும்வரை இதுதான் உங்கள் இடம் என்று சொல்லிவிட்டார். ஜூமைப் பையில் வைக்கச் சொல்லி அகன்ற காட்சியைப் பிடிக்கும் 28 மி.மீ. லென்ஸைக் கையில் கொடுத்தார். அப்பர்ச்சர் (லென்ஸின் துளை அளவு) எஃப் 8, ஷட்டர் (வெளிச்சம் உள்ளே விழும் நேரம்) 1/500 விநாடி, ஐ.எஸ்.ஓ.வை (வெளிச்சத்துக்கான உணர்திறன்) கேமராவே பார்த்துக்கொள்ளும், ஃபோக்கஸை இரண்டரை மீட்டரில் வைத்துவிட்டுப் பிறகு தொடவே கூடாது என்பது ஏற்பாடு. ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார் கொண்ட) கேமராவில் இந்த அளவுகளுக்கு ஏறத்தாழ ஒன்றரை மீட்டரிலிருந்து பத்து மீட்டர் வரை உள்ளவை தெளிவாக விழும் என்பதால், கேமரா ஆளைத் தேடித் திணறும் நேரமே இல்லாமல் போகிறது. ஆனால் நாம் ஆளுக்கு மிக அருகில் நின்றாக வேண்டும்; எனக்குக் கடினமாக இருந்தது அந்த நெருக்கம்தான்.

மூட்டை சுமப்பவர்களையும் கைவண்டி இழுப்பவர்களையும் அங்கே நாட்டாமி என்கிறார்கள். நாட்டாமை என்றால் ஊர்ப் பெரியவர் என்றே பழகிய என் காதுக்கு, “நாட்டாமியைக் கூப்பிடு” என்று ஒரு கடைக்காரர் கத்தியபோது, ஏதோ வழக்கைத் தீர்க்கப் போகிறார்கள் என்றே தோன்றியது. முதல் ஒரு மணி நேரம் தெருவே என்னைப் பார்த்தது. மிளகாய்க்கடை நானா ஒருவர் (அங்கே முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் அழைக்கிறார்கள்) வந்து, “தம்பி, நுகர்வோர் அதிகார சபையா?” என்று, கடைகளைச் சோதிக்க வந்த அரசு ஆளோ என்ற சந்தேகத்தில் விசாரித்தார். திருச்சியிலிருந்து படம் எடுக்கப் பழக வந்தவன் என்றதும், வெங்காயத்தைப் படம் பிடிக்கவா விமானம் ஏறினீர்கள் என்று சிரித்து, பிளேன்டீ (பால் சேர்க்காத தேநீர்) வரவழைத்துக் கொடுத்தார். அதன் பிறகு யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில்தான் இருக்கிறது. சூரியன் விறுவிறுவென மேலேறி, காலை 10 மணிக்குள் நிழல் ஆளின் உயரத்தைவிடக் குறுகிவிடுகிறது. அதற்கு முன் கட்டிட இடுக்குகளின் வழியே ஒரு கீற்று வெளிச்சம் கடைக்குக் கடை நகரும். அது எந்தப் படியை எப்போது தொடும் என்பது ஐந்தாம் நாள் எனக்குத் தெரிந்திருந்தது. வெளிச்சம் விழும் இடத்தில் முன்னதாகவே படத்தின் ஃபிரேமை அமைத்துக்கொண்டு ஆள் வந்து நுழையக் காத்திருப்பதை, ஆளைத் துரத்திக்கொண்டிருந்த முதல் இரண்டு நாள்களில் நான் கற்றிருக்கவே முடியாது.

தமிழ் தெரிந்திருப்பது புறக்கோட்டையில் பெரிய வசதிதான். ஆனால் முதலில் பேசிவிட்டால் ஆள் நிமிர்ந்து நின்று சிரித்துவிடுகிறார். எனவே எடுத்த பின் பேசினேன். வேண்டாம் என்று தலையசைத்தவர்களின் படத்தை அவர்கள் கண்முன்னே அழித்தேன். படையினரையும் காவலரண்களையும் எடுக்கவே கூடாது.

பணம் கட்ட வேண்டுமா என்றால், தெருக்களைச் சுற்றிக் காட்டுபவருக்குக் கட்ட வேண்டாம். தெருவை நாமே கண்டுகொள்ளலாம். ஒவ்வொரு மாலையும் உட்கார்ந்து, உங்கள் படங்களை முகத்துக்காகப் புகழாமல் பார்த்துச் சொல்ல ஒருவர் கிடைத்தால், அந்த ஒரு மணி நேரத்துக்குத் தாராளமாகக் கொடுங்கள். எடுத்த ஆயிரத்துச் சொச்சம் படங்களில் அவர் ஏழைத்தான் ஒதுக்கினார். ஏழும் கடைசி மூன்று நாள்களில் எடுத்தவை. அவற்றில் ஒன்றில், முதுகில் மூட்டையுடன் ஒரு நாட்டாமி வெளிச்சக் கீற்றுக்குள் கால் வைக்கிறார். ஓரத்தில் தேநீர்க் குவளையுடன் நானாவின் கை மட்டும் நுழைந்திருக்கிறது. அந்தக் கையை வெட்டிவிடலாமா என்று கேட்டேன். தொடாதீர்கள் என்றார் ஆசிரியர். ஊருக்கு வந்ததும் அதை நானாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். “தம்பி, வெங்காயம் தெரியவே இல்லையே” என்று பதில் வந்தது.