லைஃப் கோச்: வாசகர் கேள்விகள்

கேள்வி: வேலை மாறுவதா வேண்டாமா என்று ஒரு வருடமாகக் குழம்பிக்கொண்டிருக்கிறேன். லைஃப் கோச்சிடம் போனால் வழி சொல்வாரா?

பதில்: சொல்ல மாட்டார். முதல் நாளே 'வேலையை விட்டுவிடுங்கள்' என்கிறவர் ஆலோசகராக இருக்கலாம், கோச் இல்லை. கேள்வி கேட்டுக் கேட்டு உங்கள் முடிவை உங்கள் வாயாலேயே வரவழைப்பதுதான் அவர் வேலை.

முதலில் 20, 30 நிமிட அறிமுகப் பேச்சு. பலர் இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. ஒத்துவரும் என்று இருவருக்கும் தோன்றினால் எழுத்தில் ஒப்பந்தம். பிறகு வாரம் ஒருமுறையோ இரு வாரத்துக்கு ஒருமுறையோ 45 முதல் 60 நிமிடம் வரை பேசுவீர்கள். பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதம் போகும்.

பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கும். "இப்போதைய வேலைக்குப் பத்துக்கு எத்தனை மார்க்?" "நாலு." "ஏன் இரண்டு இல்லை?" இங்கேதான் பலர் திணறுவார்கள். குறைகளை ஒப்பிக்கத் தயாராக வந்தவர், அந்த வேலையில் பிடித்ததைத் தேடிச் சொல்ல வேண்டியிருக்கும். அடுத்து, "நாலை ஐந்தாக்க எது மாற வேண்டும்?" மாற வேண்டியது வேலையே அல்ல, மேலாளரிடம் மாதக்கணக்கில் தள்ளிப்போட்ட ஒரு பேச்சுதான் என்று சிலருக்கு அப்போதே பிடிபட்டுவிடும்.

கடைசியில், செய்ய வேண்டிய காரியம் ஒன்று, தேதியோடு. 'வேறு வேலை தேடப்போகிறேன்' என்றால் விடமாட்டார். 'வியாழனுக்குள் அந்தத் துறையில் இருக்கும் இருவரிடம் பேசுகிறேன்' என்றால் சரி.

கேள்வி: நான்கு தடவை போய்வந்தும் பலன் தெரியவில்லை. கோச்சை மாற்றலாமா?

பதில்: ஒப்புக்கொண்ட காரியங்களில் எத்தனையை முடித்தீர்கள் என்று முதலில் பாருங்கள். ஒன்றுமே முடியவில்லை என்றால் புது கோச்சிடமும் இதே கதைதான். காரியத்தைப் பாதியாகக் குறைத்துத் தரச் சொல்லுங்கள். முடித்தும் நகரவில்லையா? அந்தக் குறிக்கோள் உங்களுடையதுதானா, வீட்டிலோ அலுவலகத்திலோ யாரோ தலையில் கட்டியதா என்று யோசியுங்கள். கோச்சிடமே இதை வெளிப்படையாகச் சொல்லலாம். அதற்கு அவர் கோபப்பட்டாலும் சரி, பாதி நேரம் அவர் சொந்தக் கதையே ஓடினாலும் சரி, தயங்காமல் மாற்றுங்கள்.

கேள்வி: சான்றிதழ் பார்க்க வேண்டுமா?

பதில்: பாருங்கள். பெரும்பாலான நாடுகளில் இந்தத் தொழிலுக்கு லைசென்ஸ் கிடையாது. யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். 1995இல் தொடங்கிய ஐ.சி.எஃப். என்ற சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு மூன்று நிலைகளில் சான்று தருகிறது. முதல் நிலையான ஏ.சி.சி.க்கு 100 மணி நேரம் கோச்சிங் செய்த அனுபவம் வேண்டும், அடுத்த நிலையான பி.சி.சி.க்கு 500, உச்ச நிலையான எம்.சி.சி.க்கு 2,500.

சான்று இருந்தாலும், மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டிவிடாதீர்கள். பாதியில் நிறுத்தினால் மீதி திரும்பி வருமா, எத்தனை மணி நேரத்துக்கு முன் சொன்னால் அமர்வைத் தள்ளிவைக்கலாம் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: வக்கீலிடம் சொன்ன ரகசியத்துக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு, கோச்சிடம் சொன்னதற்குப் பொதுவாக இல்லை. உங்கள் கட்டணத்தை நிறுவனம் கட்டுகிறது என்றால், மேலாளருக்கு எதெல்லாம் போகும் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: சில வாரங்களாகத் தூக்கமில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது. கோச் உதவுவாரா?

பதில்: இல்லை. மனநல மருத்துவரிடம் போங்கள், இந்த வாரமே. நல்ல கோச்சாக இருந்தால் அவரே உங்களை அங்கேதான் அனுப்புவார்.