சிவன் பெயரில் ஒரு விலங்கு

கேள்வி: தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் ஒட்டகச்சிவிங்கி பார்த்துவிட்டு வந்ததிலிருந்து என் மகன், "முந்தி கழுத்துக் குட்டையான ஒட்டகச்சிவிங்கி இருந்ததாம், அதுக்குச் சிவன்ட பேராம்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். உண்மையா, யாரோ கட்டிவிட்ட கதையா?
- ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: கதை இல்லை அம்மா, பிள்ளை சரியாகத்தான் சொல்கிறான். அதன் பெயர் சிவாதீரியம். 'தீரியம்' என்றால் கிரேக்கத்தில் விலங்கு. இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் குன்றுகளில் கிடைத்த மண்டையோட்டைப் பார்த்து ஃபால்கனர், கோட்லி என்ற இருவர் 1836இல் வைத்த பெயர் இது (கோட்லிதான் பிறகு கங்கைக் கால்வாயை வெட்டுவித்த பொறியியலாளர்). அந்த மண்டையோட்டின் மூக்கெலும்பு அமைப்பைப் பார்த்து, இதற்கு யானைபோல் தும்பிக்கையும் இருந்திருக்கும் என்றே அவர்கள் நினைத்தார்கள். அது பிழை.

எனக்கு மிகவும் பிடித்தது அதன் கொம்புகள். கண்ணுக்கு மேலே கூம்புபோல் சின்னதாய் இரண்டு, பின்னந்தலையில் விசிறிபோல் விரிந்த பெரிய இரண்டு, ஆக மொத்தம் நான்கு. இவ்வளவு பாரத்தையும் தூக்க நீண்ட கழுத்து எப்படிச் சரிவரும்? அதனால்தான் தடித்த, குட்டையான கழுத்து. 2016இல் எலும்புகளை வைத்துக் கணக்கிட்டபோது எடை சுமார் 1,250 கிலோ வந்தது, அதாவது நல்ல வளர்ந்த ஆண் ஒட்டகச்சிவிங்கியின் எடை, ஆனால் தோள் உயரம் சுமார் 2 மீட்டர்தான்.

ஒன்றை மட்டும் மகனுக்குத் திருத்திச் சொல்லுங்கள், இது ஒட்டகச்சிவிங்கியின் பாட்டன் இல்லை, ஒன்றுவிட்ட சகோதரம். கொங்கோ காட்டில் இன்றும் வாழும் ஓகாபியும் அதே குடும்பம்தான், அதற்கும் கழுத்து குட்டை. நீண்ட கழுத்துக்கார ஒட்டகச்சிவிங்கிக்குக்கூடக் கழுத்தெலும்பு நம்மைப்போல் ஏழுதான், ஒவ்வொன்றும் நீளம், அவ்வளவே.

பிள்ளைக்கு இதில் ஆசை இருந்தால் விடாதீர்கள். நம் இரத்தினபுரி மாணிக்கக் குழிகளிலேயே நீர்யானை, காண்டாமிருக எலும்புகள் கிடைத்திருக்கின்றன என்று சொல்லிப் பாருங்கள், கண் விரியும்! அப்புறம், அடுத்த தடவை தெஹிவளைக்குப் போகும்போது ஒட்டகச்சிவிங்கியின் கொம்பு நுனியைக் கவனிக்கச் சொல்லுங்கள். பெண்ணுக்கு அங்கே கறுப்பு முடிக்குஞ்சம் இருக்கும், வளர்ந்த ஆணுக்கோ மற்ற ஆண்களோடு தலையால் மோதி மோதி அந்த முடி தேய்ந்து வழுக்கையாகியிருக்கும்.