பேத்தி படிக்கும் புத்தகங்கள்

கேள்வி: அமெரிக்காவில் வளரும் என் பேத்தி, அங்கே குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள் வளர்ந்து எழுதிய சிறுவர் நூல்களாகவே தேடிப் படிக்கிறாள். எதை எடுத்தாலும் ‘நான் இந்த ஊரா, அந்த ஊரா’ என்ற புலம்பல்தான். பண்பாட்டுப் பெருமையைச் சொல்லும் கதைகள் சிறுவர்களுக்குப் போதாதா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: போதாது ஐயா. பெருமையைச் சொல்ல வீட்டில் நீங்கள் எல்லாரும் இருக்கிறீர்கள். புது வகுப்பில் பேச்சுத்துணை இல்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்தப் பெருமை கைகொடுக்காது.

எழுத்தாளர் தான்ஹா லாய் வியட்நாமின் சைகோனில் பிறந்தவர். வியட்நாம் போரின் முடிவில், 1975இல் அந்த நகரம் வீழ்ந்தபோது சிறுமியாகக் குடும்பத்தோடு தப்பி, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அந்த வாழ்க்கையிலிருந்து பிறந்த ‘இன்சைடு அவுட் அண்ட் பேக் அகெய்ன்’ நாவல், சிறார் நூல்களுக்கான அமெரிக்க தேசிய நூல் விருதை 2011இல் பெற்றது. அதில் வரும் ஹா என்ற சிறுமிக்குப் பத்து வயது. அலபாமா வகுப்பறையில் அவள் இருபது வரை எண்ணிக் காட்டுகிறாள், வகுப்பே கைதட்டுகிறது. அவளுக்கோ ஆத்திரம் பொங்குகிறது. ஊரில் பின்னக் கணக்கே படித்துவிட்டு வந்தவள், அதைச் சொல்லத்தான் ஆங்கிலம் இல்லை. முட்டாளாக இருப்பது என்றால் இதுதானா என்று நினைக்கிறாள். இதையா புலம்பல் என்கிறீர்கள்? கைதட்டிய பிள்ளைகளும் கெட்டவர்கள் இல்லை என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

அதே நாவலில் பப்பாளி வருகிறது. சைகோனில் ஹா தானே விதை போட்டு வளர்த்த மரம். அலபாமாவில் அன்பான ஓர் அம்மாள் கிறிஸ்துமஸ் பரிசாக, சர்க்கரை போட்டு உலர்த்திய பப்பாளித் துண்டுகளைத் தருகிறார். ஹா அதைக் குப்பையில் போடுகிறாள். அவளுடைய அம்மா வெந்நீரில் ஊறவைத்துச் சர்க்கரையைப் போக்கி வைத்த துண்டுகளைப் பிறகு தின்று பார்க்கிறாள். பழைய ருசி இல்லை, ஆனால் மோசமும் இல்லை. அவ்வளவுதான். பண்பாடு பற்றி ஒரு வரி பிரசங்கம் கிடையாது.

ஜீன் லுவென் யாங் இன்னொருவர். கலிபோர்னியாவில் வளர்ந்த சீன வம்சாவளிக்காரர், உயர்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் கற்பித்தவர். 2006இல் வந்த அவருடைய ‘அமெரிக்கன் பார்ன் சைனீஸ்’ ஒரு படக்கதை. அதில் சீனப் புராணத்துக் குரங்கு ராஜா தேவலோக விருந்துக்குப் போகிறார். காலில் செருப்பு இல்லை என்று வாசலிலேயே தடுத்துவிடுகிறார்கள். திரும்பி வந்தவருக்குத் தன் அரண்மனையில் அடிக்கும் குரங்கு வாடை முதல்முறையாக மூக்கில் ஏறுகிறது. நாட்டில் உள்ள குரங்குகள் எல்லாம் இனிமேல் செருப்பு போட வேண்டும் என்று உத்தரவு போடுகிறார்! பெருமைமிக்க புராணம்தானே இதுவும்? ஆனால் யாங் அதைப் பூஜையறையில் வைக்காமல், தன்னைப் பார்த்தே வெட்கப்படும் ஒரு பள்ளி மாணவனின் கதையோடு பின்னியதால்தான் பதின்வயதுப் பிள்ளைகளைப் போய்ச் சேர்ந்தது.

சரி, இந்த வகையில் சலிப்பூட்டும் நூல்களும் உண்டு. பாட்டி வந்து பழமொழி சொன்னதும் பேத்தியின் குழப்பமெல்லாம் தீர்ந்துவிடும் கதைகள். சொல்லப்போனால் நீங்கள் கேட்கும் பெருமைக் கதைகளுக்கு அவைதான் நெருங்கிய சொந்தம்.

ஒரு கணக்கும் சொல்கிறேன். 1985இல் அமெரிக்காவில் வந்த சுமார் 2,500 சிறுவர் நூல்களில் கறுப்பினத்தவர் உருவாக்கியவை 18 மட்டுமே என்று விஸ்கான்சின் பல்கலைக்கழகச் சிறுவர் நூல் மையம் கணக்கெடுத்தது. வெள்ளைக்காரர் அல்லாத மற்ற பிள்ளைகள் நிலையும் அன்று மெச்சும்படி இல்லை. தன்னைப் போன்ற ஒருத்தியைப் புத்தகத்தில் பார்க்காமலே எத்தனையோ பிள்ளைகள் வளர்ந்திருக்கிறார்கள். உங்கள் பேத்திக்கு அந்தக் குறை இல்லை என்று சந்தோஷப்படுங்கள்.

அடுத்த முறை வீடியோ காலில் வரும்போது, எந்தப் பக்கம் பிடித்தது என்று கேட்டு, அதை அவளையே படித்துக் காட்டச் சொல்லுங்கள். அவள் முடிக்கும்வரை நடுவில் நம் ஊர்ப் பெருமையை ஆரம்பிக்க வேண்டாம்.