தன் கண்ணையே காயப்படுத்திக்கொண்டவருக்கு என்ன சிகிச்சை? வாசகர் கேள்விகள்

என் தம்பி தன் கண்ணைத் தானே காயப்படுத்திக்கொண்டான். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை என்ன செய்ய வேண்டும்?

கண்ணை அழுத்தவே கூடாது. விழி கிழிந்திருந்தால், லேசாக அழுத்தினாலும் உள்ளிருப்பது பிதுங்கி வந்துவிடும். அதனால் பஞ்சு, கட்டு வேண்டாம். பேப்பர் கப்பின் அடிப்பாகத்தை வெட்டி எடுத்து, அதன் விளிம்பு புருவ எலும்பிலும் கன்ன எலும்பிலும் பதியும்படி கவிழ்த்து, பிளாஸ்திரி ஒட்டுங்கள். கண்ணைக் கழுவுவது, சொட்டு மருந்து, களிம்பு எதுவும் கூடாது. குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டிவரலாம் என்பதால் சாப்பாடும் தண்ணீரும் தராதீர்கள்.

ரசாயனம் பட்டிருந்தால் மட்டும் கதை வேறு. அப்போது உடனே, குறைந்தது அரை மணி நேரம் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

வழி முழுக்க அவர் கையெட்டும் தூரத்தில் ஒருவர் இருக்கட்டும். அடுத்த கண்ணுக்கும் ஆபத்து உண்டு.

முதலில் கண் டாக்டரா, மனநல டாக்டரா?

இருவரும் ஒரே நாளில் பார்க்க வேண்டும். கிழிந்த விழிக்குப் பொதுவாக 24 மணி நேரத்துக்குள் தையல் போடுவார்கள். கூடவே டெட்டனஸ் ஊசி, ஆன்டிபயாடிக், வாந்தியைத் தடுக்கும் மருந்து. வாந்தி எடுக்கும்போது முக்கினால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். உலோகத்துண்டு உள்ளே இருக்கலாம் என்று தோன்றினால் சிடி ஸ்கேன்தான், எம்ஆர்ஐ கூடாது.

தையல் முடியட்டும், மனநலத்தைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவதில்தான் பெரிய ஆபத்து. இப்படிச் செய்யச் சொல்லிக் காதில் குரல் கேட்டிருக்கலாம். பாவத்துக்குத் தண்டனை என்று உறுதியாக நம்பியிருக்கலாம். இப்படி நிஜம் எது, பிரமை எது என்று பிரித்தறிய முடியாத நிலைதான் சைக்கோசிஸ். அதற்கான மருந்து பலன் தரும்வரை 24 மணி நேரமும் பக்கத்தில் ஆள் வேண்டும். போதைப்பொருள், கிருமித்தொற்று, மூளைக் கோளாறு காரணமா என்றும் பரிசோதிக்க வேண்டும். நல்ல கண்ணை மூடிக் கட்டினால் குழப்பமும் பயமும் கூடும். "மறுபடி செய்யத் தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது.

ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. இப்போது நல்ல கண்ணில் மங்கலும் கூச்சமும். ஏன்?

இன்றே காட்டுங்கள். காயப்பட்ட கண்ணால் தூண்டப்பட்ட நோயெதிர்ப்பு, நல்ல கண்ணையும் தாக்கும் 'சிம்பதெடிக் ஆஃப்தால்மியா'வாக இருக்கலாம். அரிதானதுதான், ஆனால் பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள் வரும். வருடங்கள் கழித்து வந்ததும் உண்டு. இதற்குத் தரும் அதிக அளவு ஸ்டீராய்டு சைக்கோசிஸைக் கிளறிவிடக்கூடும். ஆகவே மனநல டாக்டருக்குத் தெரியாமல் ஸ்டீராய்டைத் தொடங்கவும் வேண்டாம், பயந்து பாதியில் நிறுத்தவும் வேண்டாம்.

ஆட்டிசம் உள்ள மகள் அடிக்கடி கண்ணில் அடித்துக்கொள்கிறாள்.

அடிபட்டு விழித்திரை (கண்ணுக்குள் பின்பக்கம் இருக்கும், ஒளியை உணரும் படலம்) கழன்றாலும் வலிக்காது, அவளால் சொல்லவும் முடியாமல் போகலாம். விழித்திரைப் பரிசோதனை தவறாமல் நடக்கட்டும். ஒத்துழைக்காவிட்டால் மயக்க மருந்து கொடுத்துப் பார்ப்பார்கள். திடீரென அடிப்பது கூடினால் பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.