முதலில் விறகுக் கொட்டகையைப் பாருங்கள்

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். "சுற்றுச்சூழலுக்கு நம்ம பங்குக்கு ஏதாவது செய்யணும்" என்று முதலாளி அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். பிளாஸ்டிக் கப்பை நிறுத்திவிட்டுப் பேப்பர் கப் கொண்டுவந்தோம். ஜூன் 5 அன்று மரக்கன்று நட்டுப் போட்டோவும் எடுத்தோம். ஆனால் மனசு நிறையவில்லை. உருப்படியாக என்ன செய்யலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, மனசு நிறையவில்லை என்று எழுதினீர்களே, அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

கப் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். பேப்பர் கப்பின் உள்பக்கத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், மெல்லிய பிளாஸ்டிக் தோல் உரிந்து வரும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருட்களில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் உண்டு. ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் வாங்கி, பெயர் வெட்டிக் கொடுத்துவிடுங்கள்.

இனி பெரிய விஷயம். 100 கிலோ பசுந்தேயிலை உள்ளே போனால் தூளாக வெளியே வருவது 22, 23 கிலோதான். மீதி அத்தனையும் தண்ணீர். அதை ஓட்டத்தான் ராத்திரி முழுக்க ஃபேன் ஓடுகிறது, அடுப்பு எரிகிறது. ஆகவே உங்கள் ஃபேக்டரி காட்டுக்கும் காற்றுக்கும் செய்கிற நல்லது கெட்டது எல்லாம் அந்த அடுப்படியில்தான் இருக்கிறது.

ஒரு ஃபேக்டரியில் அடுப்புக் கதவைத் திறந்தபோது பக்கத்தில் நின்றிருக்கிறேன். கற்பூர மரக் (யூகலிப்டஸ்) கட்டை ஒன்று, வெட்டிய முனையில் நுரை கட்டி, சீறிக்கொண்டு கிடந்தது. தீ பிடிக்கவில்லை, வெறும் புகை. பச்சை மரத்தின் எடையில் பாதிக்குப் பாதி தண்ணீர் இருக்கும். இலையில் உள்ள தண்ணீரை ஓட்ட வேண்டிய சூடு, முதலில் விறகில் உள்ள தண்ணீரை ஓட்டுவதிலேயே தீர்ந்துபோகிறது. ஒரு லோடு போதும் என்கிற இடத்தில் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மரம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

நம் ஊர் மூடுபனியில் திறந்தவெளியில் போட்ட விறகு காயவே காயாது. தார்ப்பாயைத் தரை வரை இழுத்து மூடினால் உள்ளேயே பூஞ்சை பூக்கும். மேலே தகரக் கூரை, பக்கம் திறப்பு, அடியில் கல். கட்டையைப் பிளந்து, இடையில் காற்றுப் போக விட்டு அடுக்குங்கள். போன மாதம் வந்தது பின்னால், ஆறு மாதம் கிடந்தது முன்னால். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை, அக்டோபருக்குள் கூரை ஏறிவிட வேண்டும். வாங்குவது சீகை (வாட்டில்) மரமும் கற்பூர மரமுமாக, முறையான அனுமதியோடு வந்ததாக இருக்கட்டும். சோலை மரம், அதாவது இந்த மலையின் இயற்கைக் காட்டு மரம், ஒரு கட்டைகூட வேண்டாம்.

அடுத்து, இலை வாட்டும் ஃபேன். அதன் வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். மழையில் நனைந்த இலைக்கு ஆரம்பத்தில் முழுக்காற்று வேண்டும், அதை மறுக்கவில்லை. மேல் ஈரம் போன பிறகும் விடியவிடிய அதே வேகம் எதற்கு? வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவிக்குச் செலவு உண்டு. கரண்ட் பில்லை முன்னால் வைத்து முதலாளியிடம் பேசுங்கள்.

நட்ட கன்றுகள் என்னாயின என்று நீங்கள் எழுதவில்லை. இருப்பதற்குத் தண்ணீர் விடுங்கள். அடுத்த வருடம் புல்வெளியில் மட்டும் நடாதீர்கள், மழைத் தண்ணீரைப் பிடித்துவைத்து ஓடைக்கு விடுவதே இந்த மலையின் புல்வெளிதான்.

திங்கட்கிழமை காலை ஒரு கரும்பலகை மாட்டுங்கள். எரித்த விறகு எத்தனை கிலோ, வந்த தூள் எத்தனை கிலோ, இரண்டு எண் போதும். அதைத் தினமும் எழுதும் சாக்பீஸை, அடுப்புக்கு விறகு போடுகிற அண்ணன் கையில் கொடுங்கள். எந்த லோடு ஈரம், எந்தக் கதவு இடுக்கில் சூடு கசிகிறது என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மூன்று மாதம் கழித்து அந்த எண்களை எனக்கு எழுதி அனுப்புங்கள்.