நான்கு ஆண்டு மலச்சிக்கல்: அறுவைச் சிகிச்சைதான் வழியா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தையல் வேலை செய்கிறேன். வயது 38. நான்கு ஆண்டுகளாக வாரத்துக்கு இரண்டு முறைதான் மலம் கழிகிறது. நெடுநேரம் முக்க வேண்டியிருக்கிறது. முடிந்த பிறகும் மிச்சம் நிற்பது போலவே உள்ளது. சில நாட்களில் விரலால் எடுத்துவிட வேண்டிய நிலை. ஞாயிறுதோறும் நிலாவரைப் பொடி சாப்பிடுகிறேன். இரத்தப் பரிசோதனை, கொலோனோஸ்கோப்பி இரண்டிலும் குறை இல்லை. குடலில் அறுவை செய்தால்தான் தீரும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். வேறு வழி உண்டா?
– வாசகி, அவிநாசி

பதில்: உண்டு, சகோதரி. குடலின் பகுதியை நீக்கும் அறுவை, குடலின் நகர்வு மிக மந்தம் என்று சோதனையில் உறுதியாகி, மருந்துகள் அனைத்தும் பலனற்றுப்போய், மலத்தை வெளியேற்றும் தசைகளில் கோளாறு இல்லை என்பதும் தெளிவான மிகச் சிலருக்கு மட்டுமே செய்யப்படுகிறது. உங்களுக்கு அந்தத் தசைகளை இன்னும் யாரும் சோதிக்கவில்லை என்றே கடிதத்திலிருந்து தெரிகிறது.

மலம் கழிக்கையில் வயிறு அழுத்தம் கொடுக்க, ஆசனவாய்த் தசைகள் தளர்ந்து வழிவிட வேண்டும். சிலருக்கு அவை அந்த நேரத்தில் தளராமல் இறுகிக்கொள்கின்றன. அப்போது எவ்வளவு முக்கினாலும் தாழிட்ட கதவைத் தள்ளுவது போலத்தான். முக்கல், மிச்ச உணர்வு, விரலின் உதவி ஆகிய மூன்றும் சேர்ந்து வரும்போது இதைத்தான் முதலில் ஐயுற வேண்டும். கொலோனோஸ்கோப்பி குடலின் உட்சுவரைக் காட்டுமே ஒழிய, தசைகள் இயங்கும் விதத்தைக் காட்டாது. மருத்துவர் கையுறையிட்டுச் செய்யும் விரல் பரிசோதனையிலேயே பெரும்பாலும் குறிப்புக் கிடைத்துவிடும். கூச்சமாக இருந்தால் பெண் மருத்துவரைக் கேளுங்கள், ஆனால் தவிர்த்துவிடாதீர்கள். பிறகு மேனோமெட்ரி என்ற அழுத்தச் சோதனையும், 50 மி.லி. நீர் நிரப்பிய சிறு பலூனை ஓரிரு நிமிடங்களுக்குள் வெளியேற்ற முடிகிறதா என்று பார்க்கும் சோதனையும் செய்வார்கள்.

கோளாறு உறுதியானால் அதற்குரிய சிகிச்சை பயோஃபீட்பேக் பயிற்சி. உணர்கருவி பொருத்திய மெல்லிய குழாய் தசையின் இறுக்கத்தைத் திரையில் காட்ட, அதைப் பார்த்தபடியே வயிற்றால் அழுத்தவும் ஆசனவாயைத் தளர்த்தவும் பழகுவீர்கள். சில வார இடைவெளியில் நான்கு முதல் ஆறு அமர்வுகள் வழக்கமாகத் தேவைப்படும். இவ்வகைக் கோளாறு உள்ளவர்களில் பத்துக்கு ஏறத்தாழ ஏழு பேர் இதனால் நலம் பெறுகிறார்கள். பேதி மருந்தை விட இது மேலான பலன் தருகிறது என்று ஆய்வுகளும் காட்டியுள்ளன. கோவையில் உள்ள பெரிய மருத்துவமனைகளின் குடல்நோய்ப் பிரிவில் இப்பயிற்சி எங்கே கிடைக்கும் என்று விசாரியுங்கள்.

நிலாவரை கெட்ட மருந்தல்ல. ஆனால் ஞாயிறன்று குடல் முழுவதும் காலியானால், அடுத்த இரண்டு மூன்று நாட்கள் மலம் வராதது இயல்பே. அதைச் சிக்கல் என்று எண்ணி அளவைக் கூட்டிக்கொண்டே போவதுதான் பலருக்கும் நேர்வது. அதற்குப் பதிலாக, மருத்துவர் ஆலோசனையுடன் பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடியை நாள்தோறும் 17 கிராம் அளவில் ஒரு தம்ளர் நீரில் கலந்து குடிக்கலாம். அது மலத்தில் நீரைத் தக்கவைத்து இளக்கும். பலன் தெரிய ஒன்று முதல் மூன்று நாட்கள் ஆகும். இதுவும் போதாதவர்களுக்குப் புருகாலோபிரைடு, லினாக்ளோடைடு போன்ற மருந்துகள் உள்ளன.

காலை உணவுக்குப் பின் அரை மணி நேரத்துக்குள் குடல் தானாகவே அசையும். அந்த நேரத்தில் ஐந்து முதல் பத்து நிமிடம் அமருங்கள். வெஸ்டர்ன் கழிப்பறையானால் கால்களை ஒரு முக்காலியில் உயர்த்திச் சற்று முன்குனிந்து அமர வேண்டும். உற்பத்திக் கணக்குக்காகவும் கழிப்பறை அசுத்தத்துக்காகவும் உந்துதலை அடக்கிக்கொண்டு தைக்கும் பெண்களை நான் நிறையப் பார்க்கிறேன். அடக்க அடக்க அந்த உணர்வே மழுங்கிவிடும். வேலை நேரத்தில் கழிப்பறைக்குச் செல்வது உங்கள் உரிமை, அதைத் தயங்காமல் கேளுங்கள். கம்பஞ்சோறு, ராகிக்களி, தட்டைப்பயறு, கீரை, கொய்யா ஆகியவை நல்லவைதான். எனினும் வெளியேறும் வழியில் தடை இருக்கையில் நார்ச்சத்தை மட்டும் கூட்டினால் வயிறு உப்புமே தவிரச் சிக்கல் தீராது.

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 71. ஆறு மாதமாகத்தான் மலச்சிக்கல். இசப்கோல் கொடுத்தும் பயனில்லை. இரத்தச்சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறார்.
– வாசகர், காங்கேயம்

பதில்: இரும்புச்சத்து மாத்திரையே மலத்தை இறுக்கக்கூடும்; நீர் போதாமல் சாப்பிடும் இசப்கோலும் அப்படியே. ஆயினும் இந்த வயதில் புதிதாக வந்த சிக்கலும் இரத்தச்சோகையும் ஒன்றாக இருப்பதால், மருந்தை மாற்றிப் பார்த்துக் காலம் கடத்தாமல், பெருங்குடல் புற்றுநோய் இல்லை என்பதை உறுதிசெய்யக் கொலோனோஸ்கோப்பி பற்றி இந்த வாரமே மருத்துவரிடம் பேசுங்கள்.