தண்ணீரில் ஃபுளோரைடு இருந்தால் கீழே ஃபுளோர்ஸ்பார் இருக்குமா?

கனிமத் தேடலில் நில இயற்பியல் ஆய்வு செய்து ஓய்வுபெற்று, இப்போது தருமபுரியில் இருக்கிறேன். நம் பகுதிக்காரர்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள் இவை.

ஐயா, ஃபுளோரைடால் எங்கள் பிள்ளைகளின் பல் பழுப்பேறித்தான் ஒகேனக்கல் குடிநீர் வந்தது. அப்படியானால் மண்ணுக்கடியில் ஃபுளோர்ஸ்பார் என்ற கனிமத்தின் படிவு இருக்க வேண்டுமே? (ஆசிரியர், பென்னாகரம்)

அவசியமில்லை. நம் நைஸ், கிரானைட் பாறைகளிலேயே அபடைட், பயோடைட், ஹார்ன்பிளெண்ட் என்ற கனிமங்கள் எல்லாம் இருக்கின்றன. அவற்றிலிருந்து ஃபுளோரைடு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் இறங்கும். ஃபுளோர்ஸ்பார் என்பது கால்சியம் ஃபுளோரைடு. சாதாரணத் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 16 மில்லிகிராம்தான் கரையும். தண்ணீரில் ஏற்கெனவே கால்சியம் இருந்தால் இன்னும் குறையும். அதனால்தான் பாத்திரத்தில் உப்புக்கறை படியவிடும் கிணற்றைவிட, சோப்பு நன்றாக நுரைக்கும் கிணற்றில் பல நேரம் ஃபுளோரைடு கூடுதலாக இருக்கிறது. ருசி பார்த்து ஏமாறாமல் பரிசோதனைக்குக் கொடுங்கள். 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க வேண்டாம்.

சார், எந்தக் கருவி மண்ணுக்கடியில் ஃபுளோர்ஸ்பாரைக் கண்டுபிடிக்கும்? (கல்லூரி மாணவி, அரூர்)

தனியாக ஒன்றும் இல்லை அம்மா. ஃபுளோர்ஸ்பாருக்குக் காந்தத்தன்மை இல்லை, மின்சாரமும் கடத்தாது. அடர்த்தி 3.2, கிரானைட்டுக்குச் சுமார் 2.65. தடித்த படிவென்றால் ஈர்ப்பு அளவீட்டில் தெரியும், ஒரு மீட்டர் அகல நரம்பென்றால் (பாறைப் பிளவில் படிந்த கனிமப் பட்டை) தெரியாது. அதனால் நாங்கள் கனிமத்தை விட்டுவிட்டு அது வந்த வழியை, அதாவது பாறைப் பிளவைத் தேடுவோம். ஈரக் களிமண் நிறைந்த பிளவில் மின்தடை குறையும், வெங்கச்சங்கல்லும் (குவார்ட்ஸ்) ஃபுளோர்ஸ்பாரும் அடைத்த பிளவில் கூடும். கூடவே ஈயத் தாதுவோ பைரைட்டோ இருந்தால் தூண்டு மின்முனைவு முறை (தரைக்குள் மின்சாரம் செலுத்தி, நிறுத்தியதும் மிஞ்சும் மின்னழுத்தத்தை அளப்பது) காட்டிக்கொடுக்கும். நம் ஊரில் தொல்லை டோலரைட் டைக்குகள்தான் (பிளவுகளில் சுவர்போல உறைந்த, காந்தத்தன்மை உள்ள கருங்கல்): காந்த வரைபடம் வரிக்குதிரை மாதிரி வரும்.

எங்களிடம் போர்வெல் ரிக் இருக்கிறது, போட்டுப் பார்க்கலாமா? (பாலக்கோடு)

முதலில் அரசு அனுமதி. அப்புறம், உங்கள் ஹாமர் மேலே அனுப்புவது பாறை மாவு. நரம்பு எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு அகலம் என்று மாவு சொல்லாது. வைர முனையால் உருளையாகக் கல்லை வெட்டி எடுக்க வேண்டும், அதுவும் நரம்பைக் குறுக்கே வெட்டும்படி சாய்வாக. நரம்புக்கு 30 டிகிரியில் துளை போனால், உருளையில் 4 மீட்டர் காண்பது உண்மையில் 2 மீட்டர்தான். இந்தக் கணக்கைப் போடாமல் குதித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். போதாக்குறைக்கு ஃபுளோர்ஸ்பார் எளிதில் நொறுங்கும். துளையிடும் தண்ணீரே அடித்துக்கொண்டு போய்விடும். வெட்டியெடுத்த உருளைகளை அடுக்கும் பெட்டியில் கல் குறைந்தால் அந்த இடத்தில்தான் சந்தேகப்பட வேண்டும்.

குஜராத் அம்பாடோங்கரில் கார்பனடைட் (கார்பனேட் கனிமங்கள் நிறைந்த எரிமலைவகைப் பாறை) பாறையோடு ஃபுளோர்ஸ்பார் கிடைக்கிறதே, நம் சாமல்பட்டியிலும் கார்பனடைட் உண்டே? (ஊத்தங்கரை)

நல்ல கேள்வி. ஆனால் அங்கே பாறை உறைந்த பிறகு சூடான திரவம் பிளவுகளில் ஏறி ஃபுளோர்ஸ்பாரைப் படியவைத்தது. கார்பனடைட் இருப்பது மட்டும் போதாது; தேடிப் பார்க்க அது ஒரு காரணம், அவ்வளவுதான்.

காட்டில் ஊதா நிறக் கல் கிடைத்தது. இது ஃபுளோர்ஸ்பாரா? (காரிமங்கலம்)

இரும்புக் கத்தியால் கீறுங்கள். ஃபுளோர்ஸ்பார் என்றால் கீறல் விழும். வெங்கச்சங்கல் என்றால் கத்திதான் மழுங்கும்.